24 மாதம் முடிந்தபின் போன் யாருக்கு? கனடாவில் ஒப்பந்த போனும் முழுக்காசு போனும்

கனடாவில் புதுப் போன் எடுக்கப் பெரும்பாலும் இரண்டு வழிதான். றொஜர்ஸ், பெல், ரெலஸ் மூன்றில் ஒன்றிடம் போய் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, போனுக்கும் பிளானுக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டுவது முதலாவது. அப்பிளிடமோ பெஸ்ட் பையிலோ முழுக்காசையும் கொடுத்துப் போனை மட்டும் வாங்கி, அதற்குள் மலிவான சிம் ஒன்றைப் போட்டுக்கொள்வது இரண்டாவது. எங்கள் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. நான் இப்போது இரண்டாவது கட்சி. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எந்தப் போன் என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நான் எடுத்தது ஐபோன் 16. 2024 செப்டெம்பரில் வந்தபோது 128 ஜிபி மொடலின் விலை 1,129 டொலர், வரி தனி. மனைவிக்கு அடுத்த வசந்தத்தில் பிக்சல் 9ஏ எடுத்தோம், அது 649. கமரா, வேகம், திரை எல்லாவற்றையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அன்றாடப் பாவனைக்கு இரண்டுமே போதும். பிள்ளைகள் வீட்டில் எல்லோருக்கும் அப்பிளின் ஐமெசேஜில்தான் செய்தி அனுப்புகிறார்கள் என்பதற்காகத்தான் நான் ஐபோனில் நின்றேன், வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

சரி, விலைக்கு வருவோம்.

மோலில் இருக்கும் சின்னக் கடைகளில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது மாதத் தொகைதான். "அண்ணா, போனுக்கு மாதம் பதினைந்து டொலர்தான்" என்றான் எனக்கு விளக்கம் சொன்ன தம்பி. பொய் இல்லை. ஆனால் அந்தப் பதினைந்துக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, அந்த விலைக்குப் போன் வேண்டுமென்றால் மாதம் 75 டொலர் பிளானைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு, புது இணைப்புக்கு 70 டொலர் தனியாகக் கட்ட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: போன் விலையில் 480 டொலரைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். 24 மாதம் முடிந்ததும் போனை நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்தால் அந்த 480 இல்லை. போன் வேண்டுமென்றால் 480 கட்ட வேண்டும்.

இந்தத் 'திருப்பிக் கொடுக்கும்' முறை ஒவ்வொரு கொம்பனியிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கிறது. உள்ளே எல்லாம் ஒன்றுதான். தவணைக்கு வட்டி இல்லை என்பது உண்மை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தவணை கணக்கிடப்படும் அடிப்படை விலை பல நேரம் அப்பிளின் சொந்த விலையைவிடக் கூட இருக்கும். வட்டி இல்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒன்ராறியோவின் 13 வீத வரி இரண்டு பக்கமும் வருவதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒப்பந்தம்: போனுக்கு 15, பிளானுக்கு 75, மாதம் 90. இருபத்துநான்கு மாதத்துக்கு 2,160. இணைப்புக் கட்டணத்தோடு 2,230. கடைசியில் போன் அவர்களிடம் போய்விடும்.

முழுக்காசு: போன் 1,129. மாதம் 35 டொலர் சிம் பிளான், 24 மாதத்துக்கு 840. மொத்தம் 1,969. கடைசியில் போன் என் கையில்.

இப்போதே 261 டொலர் வித்தியாசம். ஆனால் இதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. ஏனென்றால் பிளாக் பிரைடே, பொக்சிங் டே காலத்தில் போனுக்கு மாதம் பூச்சியம் என்றுகூடப் போடுவார்கள். அப்போது ஒப்பந்தம் 1,870 ஆகிவிடும், முழுக்காசைவிட 99 டொலர் குறைவு. வெறும் கூட்டல் கழித்தலை மட்டும் பார்த்தால் அந்த வாரத்தில் ஒப்பந்தம்தான் வெல்லும்.

வெல்லாது என்று நான் சொல்வதற்குக் காரணம், 25ஆம் மாதத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான். முழுக்காசு கொடுத்தவனிடம் இரண்டு வருடப் பழைய ஐபோன் இருக்கிறது. அதை 450 டொலருக்கு விற்றால் என் செலவு 1,519. பூச்சிய டொலர் போன்காரர் 1,870 கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்பார், அல்லது அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். போனும் இல்லாமல் எவ்வளவு நாள் இருக்க முடியும்?

சரி, திருப்பிக் கொடுக்காமல் 480ஐக் கட்டி எடுத்துக்கொண்டால் என்ன? அதுவும் ஒரு வழி. அந்த மாதத்தில் அதே மொடல் பழைய பொருள் விற்கும் கிஜிஜி தளத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். 480க்கு மேலே என்றால் கட்டி எடுத்துக்கொள்வது லாபம், கீழே என்றால் திருப்பிக் கொடுப்பது லாபம். சந்தை விலை விழுந்தால் நட்டம் கொம்பனிக்கு, உங்களுக்கில்லை. இந்த ஓர் இடத்தில் ஒப்பந்தக்காரருக்கு உண்மையான அனுகூலம் இருக்கிறது. ஐபோன் விலை மெதுவாக விழும், ஆண்ட்ரொயிட் போன்களின் விலை வேகமாக விழும். ஆகவே விலை கூடிய ஆண்ட்ரொயிட் போனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே தீருவேன் என்பவருக்குத் திருப்பிக் கொடுக்கும் முறை மோசமில்லை.

ஆனால் 'நல்ல நிலை' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே. மனைவியின் முந்தைய போன் இப்படி ஒரு கொம்பனியிடம் எடுத்ததுதான். பெயர் வேண்டாம். கடைசி மாதத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கவுண்டரில் நின்றவர் கவரைக் கழற்றி, போனை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். கீழ் மூலையில், சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில், மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு. இரண்டு வருடமாகக் கவருக்குள் கிடந்ததால் எங்கள் கண்ணில் படவே இல்லை. தொடுதிரை வேலை செய்கிறது, கமரா வேலை செய்கிறது, எல்லாம் சரி, ஆனால் திரையில் வெடிப்பு இருந்தால் ஏற்க முடியாது என்றார். தள்ளி வைத்த தொகை முழுவதும் அடுத்த பில்லில் வந்தது. அதே போனை நான் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போட்டேன், வெடிப்பின் படத்தையும் சேர்த்து. அறுபது டொலர் குறைத்துக் கேட்டார் ஒருவர், கொடுத்துவிட்டேன். சந்தையில் அந்த மயிரிழையின் விலை அறுபது. ஒப்பந்தத்தில் அதன் விலை முழுத்தொகை.

இந்த ஒரு வித்தியாசம்தான் என்னைக் கட்சி மாற வைத்தது. விற்பனையில் குறைக்குத் தக்க விலை குறையும். திருப்பிக் கொடுப்பதில் ஏற்றுக்கொள்வார்கள் அல்லது மாட்டார்கள், இடையில் ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தில் சிலர் மாதம் பத்துப் பதினைந்து டொலர் கட்டிக் காப்புறுதியும் எடுக்கிறார்கள். பிறகு மலிவு எங்கே?

இன்னொன்று. பிக்சல் 8 வந்த 2023இலிருந்து கூகிள் ஏழு வருட அப்டேட் தருவதாகச் சொல்கிறது, எஸ்24இலிருந்து சாம்சங்கும் அதே. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024இலும் ஐஓஎஸ் 18 கிடைத்தது. ஏழு வருடம் ஓடக்கூடிய பொருளை இரண்டாம் வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தவணை கட்டுவது வீட்டை வாங்கும் வசதி இருந்தும் வாடகைக்கு இருப்பது மாதிரி. பற்றரி தளர்ந்தால் நூற்றுச்சொச்சம் டொலருக்கு மாற்றிவிடலாம். ஒப்பந்தம் முடிந்தும் போனை வைத்துக்கொள்பவருக்கும் இது பொருந்தும். ஆனால் அவர் மறக்கக்கூடாத ஒரு காரியம், 25ஆம் மாதத்தில் அந்த 75 டொலர் பிளானை விட்டு வெளியே வருவது. போன் தவணை நின்றதும் பில் குறைந்துவிட்டதே என்று பலர் அப்படியே இருந்துவிடுகிறார்கள்.

வெளியே வருவதற்குச் சட்டம் துணை இருக்கிறது. தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரச அமைப்பான சிஆர்டிசியின் வயர்லெஸ் கோட் என்ற விதித்தொகுப்பு 2013 டிசெம்பரில் நடைமுறைக்கு வர முன்னால் இங்கே மூன்று வருட ஒப்பந்தம்தான் வழக்கம். இப்போது 24 மாதத்துக்குப் பிறகு எந்தக் கட்டணமும் இல்லாமல் விலகலாம். 2019இல் 36 மாதத் தவணை என்று ஒரு புதுக்கதை தொடங்கியது. அந்த ஓகஸ்டிலேயே சிஆர்டிசி அதை நிறுத்தச் சொன்னது, 2021 மார்ச்சில் 24 மாதத்துக்கு மேல் கூடாதென்று தீர்ப்பும் சொன்னது. 2017 டிசெம்பர் 1இலிருந்து விற்கும் புதுப் போன்கள் எல்லாம் எந்தக் கொம்பனியின் சிம்மும் வேலை செய்யும்படி பூட்டில்லாமல் வர வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த விதிதான். கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால் 15 நாள் அவகாசம் உண்டு, போனைப் புதிது மாதிரியே வைத்திருந்து, டேட்டாவைப் பாதி மாத அளவுக்குள் பாவித்திருந்தால். தகராறு தீரவில்லையென்றால் தொலைத்தொடர்பு முறைப்பாடுகளை விசாரிக்கும் சிசிடிஎஸ் அமைப்பிடம் இலவசமாக முறையிடலாம்.

சட்டம் காப்பாற்றாத இடம் ஒன்று, பில்லில் வரும் 'கழிவு'. போன் தவணை 40 என்று ஒரு வரி, அதற்குக் கீழே கழிவு 25 என்று இன்னொரு வரி, ஆக 15. நடுவில் மலிவான பிளானுக்கு மாறினால் அந்த இரண்டாவது வரி காணாமல் போகலாம். கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மலிவு சிம் என்றால் சிக்னல் கிடைக்காது என்ற பயம் எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. மலிவு சிம் பிராண்டுகளில் பப்ளிக் மொபைல் ஓடுவது ரெலஸின் கோபுரங்களில், லக்கி பெல்லில், சட்டர் றொஜர்ஸில். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வடக்கே கொட்டேஜ் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அந்த அனுபவம் குறைவு. உண்மையான குறை வேறு இடத்தில்: பப்ளிக் மொபைலில் போன் எடுத்துப் பேச ஆள் இல்லை. எல்லாம் இணையத்தில் எழுதிக் கேட்க வேண்டும். வயதான அம்மா அப்பாவுக்கு இது சரிவராது. அவர்களை நான் இன்னும் கடையும் ஆளும் உள்ள ஒரு பிராண்டிலேயே வைத்திருக்கிறேன்.

2022 ஜூலை 8ஆம் திகதி நினைவிருக்கும், றொஜர்ஸ் நாள் முழுக்க விழுந்து டெபிட் கார்டுகூட வேலை செய்யவில்லை. அதன் துணைப் பிராண்டுகளான பைடோ, சட்டர் எல்லாம் சேர்ந்து விழுந்தன. பெயர் வேறானாலும் கோபுரம் ஒன்றுதானே. அதிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வலையமைப்பு இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். மாத பிளான்களாக இருந்தால் அதைச் செய்வது சுலபம்.

ஊருக்குப் போவது தனிக்கதை. பெரிய கொம்பனிகளின் ரோமிங் நாளுக்குப் பதினைந்து டொலரைத் தாண்டும். மூன்று கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றால் போனைவிட ரோமிங் வலிக்கும். கட்டுநாயக்காவில் இறங்கி டயலொக் சிம் ஒன்றைப் போட்டு, கனடா எண்ணை இசிமில் (போனுக்குள்ளேயே இருக்கும், அட்டையில்லாத சிம்) வங்கிக் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். இப்போது ஒப்பந்தப் போனும் பூட்டில்லாமல்தான் வருகிறது, ஆகவே இதில் இரண்டு பக்கமும் சமம்.

ஒப்பந்தம் யாருக்குச் சரி? கையில் ஆயிரத்துச்சொச்சம் இல்லாதவருக்கு, அல்லது அதற்கு 20 வீத வட்டிக்கு மேல் கிரெடிட் கார்டில் கடன் வாங்க வேண்டியவருக்கு. அவர்களுக்கு வட்டியில்லாத் தவணை பெரிய உதவி. எப்படியும் 100 ஜிபி டேட்டாவும் அமெரிக்க ரோமிங்கும் வேண்டும் என்பவருக்கும் 75 டொலர் வீணில்லை. நாலைந்து இணைப்பு ஒன்றாக எடுக்கும் குடும்பத்துக்கு நல்ல கழிவு கிடைக்கும் என்கிறார்கள். நான் அப்படி எடுத்ததில்லை. புதிதாக வந்திறங்கியவர்களுக்குக் கிரெடிட் வரலாறு இல்லாததால் ஒப்பந்தம் கிடைப்பதே கஷ்டம், முற்பணச் சிம்முக்கு அந்தச் சோதனை இல்லை.

இரண்டுக்கும் நடுவில் கூடோ, பைடோ போன்ற பிராண்டுகளில், திருப்பிக் கொடுக்கும் கண்டிஷன் இல்லாமல் நடுத்தர விலைப் போனைத் தவணையில் எடுக்கலாம். 24ஆம் மாதத்தில் போன் உங்களுடையது. முழுக்காசு முடியாதென்றால் நான் அங்கேதான் போவேன். பிக்சல் 9ஏ மாதிரிப் போனுக்கு அது பொருத்தம். அந்தப் போனின் மறுவிற்பனை விலை எப்படிப் போகும் என்று நான் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. ஆனால் 649இல் நட்டப்படுவதற்கும் ஓர் அளவுண்டு.

விற்கப் போகிறவர்களுக்கு: தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியைப் போனில் நிறுத்தி, அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்துவிட்டுக் கொண்டுபோங்கள். சிம்மை எடுக்க மறக்காதீர்கள். வாங்குபவர் விபரம் தெரிந்தவர் என்றால் ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக்கடை மேசையிலேயே *#06# அடித்து, வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, களவுப் போன் பட்டியலில் தேடிப் பார்ப்பார். கோபிக்க வேண்டாம், நீங்கள் வாங்கும்போதும் அதையே செய்யுங்கள். பெட்டியும் வாங்கிய பில்லும் இருந்தால் பேரம் சீக்கிரம் முடியும். காசை நோட்டாகவோ, கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகோ மட்டும் போனைக் கொடுங்கள்.