கேப் டவுன் கோடைக்கு எந்தப் புல்: கிக்குயுவா, பஃபலோவா, அருகா?

வீட்டு முன்னால் புதிதாகப் புல் போடலாம் என்று விசாரித்தால் கேப் டவுனில் பெரும்பாலும் மூன்றைத்தான் சொல்வார்கள். கிக்குயு, பஃபலோ, அப்புறம் இங்கே ‘க்வீக்’ என்கிற நம்ம அருகம்புல். நான் போட்டது அருகு. அதனால் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

பஃபலோ அகல இலைக்காரன். உப்புக்காற்று, மர நிழல் இரண்டையும் தாங்கும். ஒட்ட வெட்டினால் பிடிக்காது. பக்கத்து வீட்டு மரத்தடியில் பார்த்ததோடு சரி, நான் வளர்த்ததில்லை.

கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலப் புல். பிள்ளைகள் பந்தாடி வழுக்கையாக்கினாலும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். அதில் அதை அடிக்க ஆளில்லை.

ஆனால் இங்கே கணக்கே தண்ணீர்தான். மழை குளிர்காலத்தில், கோடை முழுக்க வெயிலும் தென்கிழக்குக் காற்றும். மணல் பூமியில் ஈரம் நிற்காது. 60 சதுர மீட்டர் தரைக்கு 25 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 1500 லிட்டர். வாரம் ஒரு தடவை என்றாலும் நாலு வாரத்தில் 6000. 2018 வறட்சியில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்ததே, நாலு பேர் குடும்பத்துக்கு மாசம் முழுக்கக் கிடைத்ததும் அதே 6000தான்! அப்போது குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடவே தடை.

தண்ணீர் இல்லையென்று கிக்குயுவும் செத்துவிடாது, வேர் ஆழம். பச்சையாக வைத்திருக்கத்தான் செலவு. தண்ணீர் விட்டால் மளமளவென்று வளரும், வாராவாரம் மெஷினை எடுக்கணும். கொடி செங்கல் வரப்புக்கு அடியில் புகுந்து கறிவேப்பிலைப் பாத்தியில் தலைநீட்டும். இழுத்தால் கணுவில் அறும், விட்டுப்போன கணு மறுபடி துளிர்க்கும்.

அருகும் பாத்திக்குள் வராமல் இல்லை. ஆனால் கொடி மெலிசு. கொத்தும்போது கணு விட்டுப்போனால் இதுவும் துளிர்க்கும். இங்கே கோடையான பிப்ரவரியில் காயவிட்டால் வைக்கோல் நிறமாகிப் படுத்துக்கொள்ளும். ஒரு நல்ல நனைப்பு போதும், கணுவுக்குக் கணு ஊசி மாதிரி பச்சை கிளம்பும். பிள்ளையாருக்கும் வெளியே தேட வேண்டாம்.

குளிர்காலத்தில் மங்கித்தான் கிடக்கும். நிழலும் ஆகாது. இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வீட்டின் தெற்குச் சுவரோரம்தான் நிழல். அந்தப் பட்டைக்கு மட்டும் பஃபலோ வாங்குங்கள். எதை நட்டாலும் செப்டம்பர், அக்டோபரில் நடுங்கள். கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.