ரேத் ஆஃப் தி லிச் கிங் ரிவ்யூ: ஆர்தஸை விட அந்த டிராகன் கூட்டணிதான் எனக்கு முக்கியம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேமோட ரெண்டாவது எக்ஸ்பான்ஷன் (கூடுதல் கதைப் பகுதி) ரேத் ஆஃப் தி லிச் கிங், 2008 நவம்பர்ல வந்தது, இதைப்பத்தி யார் பேசினாலும் முக்கிய வில்லன் ஆர்தஸ்ல ஆரம்பிச்சு ஆர்தஸ்லயே முடிச்சிடுறாங்க. லிச் கிங்ங்கிற பட்டமே அவனோடதா இருக்கும்போது அது நியாயம்தான். ஆனா நான் திரும்பத் திரும்ப கதை நடக்குற நார்த்ரெண்ட் கண்டத்துப் பக்கம் போறதுக்கு காரணம் அவன் இல்ல, டிராகன்கள்தான். ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்ப முடியாத டிராகன் கூட்டங்க ஒரு போருக்காக மட்டும் ஒரே கோபுரத்துல வந்து நிக்குறாங்க, அதுக்கு பேரு வேர்ம்ரெஸ்ட் அக்கார்ட், இந்த ரிவ்யூ முழுக்க அதைப்பத்திதான். கதையை உடைக்காம இதை எழுத முடியாது, அதனால ஸ்பாய்லர் வேண்டாம்னு நினைக்கிறவங்க இதோட நிறுத்திக்கோங்க.

புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ஆஸரோத் உலகத்துல அஞ்சு டிராகன் கூட்டம் இருக்கு. சிவப்பு உயிரைக் காக்கும், நீலம் மந்திரத்தை, பச்சை இயற்கையையும் கனவுலகத்தையும், வெண்கலம் காலத்தை, கருப்பு பூமியை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலைமையா ஒரு ஆஸ்பெக்ட். இதுல நீல டிராகன்களோட தலைவன் மாலிகோஸ், மனுஷங்களும் மத்த இனங்களும் மந்திரத்தை இஷ்டத்துக்கு பயன்படுத்துறது உலகத்துக்கே ஆபத்துன்னு முடிவு பண்ணி, மந்திரம் தெரிஞ்ச அத்தனை பேர் மேலயும் போர் அறிவிச்சுடுறான். பூமிக்கு அடியில ஓடுற லே லைன்களை, அதாவது மந்திர சக்தி ஓடுற பாதைகளை, தன்னோட நெக்ஸஸ் கோட்டை பக்கம் திருப்பி இழுக்க ஆரம்பிக்கிறான். அப்படி இழுத்தா உலகமே பிளந்துடும்னு தெரிஞ்சதும் சிவப்பு டிராகன்களோட ராணி அலெக்ஸ்ட்ராஸா மத்த கூட்டங்களைக் கூப்பிட்டு அவனுக்கு எதிரா நிக்கிறா.

இதுவரைக்கும் கேட்டா சாதாரண கெட்டவன் கதை மாதிரிதான் இருக்கும். மாலிகோஸ் ஏன் இப்படி ஆனான்னு தெரிஞ்சா மொத்தமும் மாறிடும். 10,000 வருஷத்துக்கு முன்னாடி பர்னிங் லீஜன்ங்கிற பேய்ப்படை ஆஸரோத்துக்குள்ள வந்தப்போ அஞ்சு கூட்டமும் ஒரு தடவை கூட்டணி போட்டாங்க, கருப்பு டிராகன்களோட தலைவன் நெல்தாரியன் ஒரு தங்கத் தகட்டைக் கொண்டுவந்து இதுல எல்லாரும் உங்க சக்தியில ஒரு பங்கை கொடுங்கன்னு கேட்டான், மத்த நாலு பேரும் நம்பிக் கொடுத்தாங்க, அவன் மட்டும் கொடுக்கல. அதே தகட்டை வச்சு கூட்டாளிங்களையே அடிச்சான். முதல்ல எதிர்த்துப் பாஞ்சது நீல டிராகன்கள்தான், கிட்டத்தட்ட கூட்டமே அழிஞ்சுபோச்சு. மாலிகோஸ் புத்தி பேதலிச்சு பல ஆயிரம் வருஷம் ஒதுங்கிக் கிடந்தான். அதாவது போன கூட்டணி யாரை நாசம் பண்ணுச்சோ அவனுக்கு எதிராத்தான் இந்தக் கூட்டணி. அலெக்ஸ்ட்ராஸாவுக்கு இது நல்லாவே தெரியும், அவ அன்னிக்கு அங்க இருந்தவ. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு ஆடினா அந்தக் கோபுரம் இருக்குற டிராகன்பிளைட் பனிக்காட்டுல வர்ற ஒவ்வொரு குவெஸ்ட்டும், அதாவது கேம் நமக்குக் கொடுக்குற ஒவ்வொரு வேலையும், கனமாகிடும். கேம் இதை உக்கார வச்சு சொல்லித் தராது, அங்கங்க சிதறிக் கிடக்குறதை நாமதான் கோத்துக்கணும்.

டிராகன்பிளைட்ங்கிற அந்த ஏரியா டிராகன்கள் சாகுறதுக்குன்னு வர்ற இடம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பனி, நடுவுல மலை மலையா எலும்புக்கூடு, அதுக்கெல்லாம் மத்தியில வேர்ம்ரெஸ்ட் கோபுரம், சுத்திலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஆலயம். பறக்கத் தெரியாத லெவல்ல போனா கீழ நிக்கிற சிவப்பு டிராகன்கிட்ட பேசணும், அதுதான் நம்மளை மேல தூக்கிட்டு போகும். உச்சியில மனுஷ, எல்ஃப் உருவத்துல நிக்கிறவங்க எல்லாருமே டிராகன்கள். அலெக்ஸ்ட்ராஸா இருக்கா, பச்சைக்கு இதாரியஸ், வெண்கலத்துக்கு க்ரோமி, நீலத்துக்கு கேலெகோஸ். சொந்த ஆஸ்பெக்ட்டுக்கு எதிரா நிக்கிற நீல டிராகன் அவன், தன் இனத்தோட சண்டை போடப்போற கூட்டத்துக்குள்ள தன் இனத்தோட பிரதிநிதியா நிக்கிறான். ஒரு வரி வசனம் இல்லாட்டிகூட அவன் நிக்கிற இடமே போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க நிக்கிற இன்னொருத்தி. நாலிஸ், கருப்பு டிராகன்களோட தூதர். நெல்தாரியன் செஞ்ச துரோகத்துக்கு அப்புறமும் அவன் கூட்டத்துல இருந்து ஒருத்தி அந்த மாடியில நிக்கிறாங்குறதே பெரிய விஷயம், நிறைய பேர் அவகிட்ட பேசாமலே தாண்டிப் போயிடுறாங்க, தயவுசெஞ்சு நின்னு பேசுங்க. அப்புறம் அதே கோபுரத்தோட அடிவாரத்துக்கு வாங்க. அங்க அப்சிடியன் சாங்ட்டம்னு ஒரு ரெய்டு (பெரிய குழுவா சேர்ந்து போற சண்டைக் களம்), உள்ள சார்தாரியன்ங்கிற கருப்பு டிராகன் ட்விலைட் டிராகன் முட்டைகளைக் காவல் காத்துக்கிட்டு இருக்கு. மேல தூதர் பேச்சுவார்த்தைக்கு நிக்கிறா, கீழ அதே இனம் புது ஆயுதத்தை அடைகாக்குது. மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டுதான் அந்தக் கூட்டணி மொத்தமும் உக்காந்திருக்கு, அதை வசனமா சொல்லாம ஒரே கட்டடத்தோட மேல்மாடியும் அடித்தளமுமா வச்சுக் காட்டினது எழுதினவங்களோட கெட்டிக்காரத்தனம்.

சார்தாரியன் சண்டையும் நல்ல டிசைன். கூட மூணு குட்டித் தளபதிங்க இருக்கும், டெனிப்ரான், ஷாட்ரான், வெஸ்பெரான். அதுங்களை முதல்ல கொன்னுட்டுப் போனா சுலபம், மூணையும் உயிரோட விட்டுட்டு நேரா சார்தாரியனை அடிச்சா நடுவுல ஒவ்வொன்னா வந்து சேரும், சண்டை பயங்கரமாகிடும், ஆனா பரிசா டிராகன் மவுண்ட், அதாவது ஏறிப் பறக்குற டிராகன், கிடைக்கும். கஷ்டத்தை எவ்வளவு வச்சுக்கணும்னு நாமளே முடிவு பண்றோம், மெனுவுல எதையும் மாத்த வேண்டியதில்ல.

இப்போ கெரிஸ்ட்ராஸா. இவளைப்பத்தி எழுதத்தான் இந்த ரிவ்யூவே ஆரம்பிச்சேன்.

போரியன் டுண்ட்ரா ஓரத்துல கோல்டாராங்கிற பனித்தீவு, மாலிகோஸோட நெக்ஸஸ் அங்கதான் இருக்கு. அக்கார்டோட சின்ன முகாம் ஒன்னு மந்திரக் கவசத்துக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும், அங்க இருந்து வர்ற குவெஸ்ட் வரிசையில கெரிஸ்ட்ராஸாங்கிற சிவப்பு டிராகன் நம்மகூட சேருறா. திட்டம் என்னன்னா மாலிகோஸோட துணைவி சரகோஸாவைக் கொன்னு, அந்த உடம்பை வச்சே மாலிகோஸை வெளிய இழுக்கணும். முதல் பாதி நடந்துடும், சரகோஸாவை நாமதான் கொல்றோம். உடம்பைக் கொண்டுபோய் வச்சு தீ மூட்டுறோம், மாலிகோஸ் வர்றான், கெரிஸ்ட்ராஸா அவனுக்கு முகத்துக்கு நேரா சவால் விடுறா. திட்டம் அப்பவே கைவிட்டுப் போயிடும், அவன் அவளை அடக்கி, கொன்ன துணைவிக்கு பதிலா இனிமே நீதான்னு தூக்கிட்டுப் போயிடுறான். நாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறதைத் தவிர ஒன்னும் செய்ய முடியாது.

அடுத்த குவெஸ்ட் நெக்ஸஸ் டன்ஜனுக்குள்ள (டன்ஜன்னா அஞ்சு பேர் சேர்ந்து போற சின்னக் களம்) போய் அவளை விடுவிக்கச் சொல்லும். உள்ள அவ பனிக்கட்டிக்குள்ள உறைஞ்சு கிடப்பா, சுத்தி மூணு கோளம், முன்னாடி இருக்குற மூணு பெரிய எதிரிங்களையும், அதாவது பாஸ்களையும், முடிச்சாத்தான் அந்தக் கோளங்களைத் தொட முடியும். மூணாவதைத் தொட்டதும் பனி உடையும், வெளிய வர்றவளுக்கு நம்மளை அடையாளம் தெரியாது. அவதான் கடைசி பாஸ். ஒரே இடத்துல நின்னா குளிர் உடம்புல ஏறிக்கிட்டே போகும், நகர்ந்துக்கிட்டே குதிச்சுக்கிட்டே அவளைக் கொல்லணும், குவெஸ்ட் சொன்ன விடுதலை அதுதான். போர்ல கூட்டாளின்னு ஒருத்தர் நம்மகிட்ட கொடுக்குற நம்பிக்கைக்கு என்ன விலைன்னு இதைவிட நேரடியா எந்த கேமும் எனக்குக் காட்டினது இல்ல. எனக்கு வருத்தமா இருக்குறது என்னன்னா, நெக்ஸஸ் டன்ஜனை அவசர அவசரமா ஓடி முடிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அந்தக் கடைசி பாஸ் யாருன்னே தெரியாது.

அதே நெக்ஸஸ்ல இருக்குற இன்னொரு டன்ஜன் ஆக்யுலஸ் பத்தி சொன்னா பலர் சண்டைக்கு வருவாங்க. கேமே ஏதோ ஒரு டன்ஜனுக்கு அனுப்புற ரேண்டம் டன்ஜன்ல ஆக்யுலஸ் வந்தா உடனே குரூப்பை விட்டு ஓடுறது அப்போ ரொம்ப சாதாரணம், அதுக்காகவே பின்னாடி கூடுதல் பரிசுப் பை வச்சு, அதுல நீல டிராகன் மவுண்ட் கிடைக்குற வாய்ப்பும் கொடுத்தாங்க. காரணம், அங்க நம்ம கேரக்டரோட ஸ்கில் பாதி இடத்துல உதவாது, டிராகன் மேல ஏறித்தான் சண்டை. ஆனா கதையா பார்த்தா அக்கார்டை கையில கொடுக்குறது இந்த டன்ஜன் மட்டும்தான். முதல் பாஸை முடிச்சதும் சிறையில இருந்து வெளிய வர்ற மூணு டிராகன்கள் ஆளுக்கொரு கூட்டத்தோட உதவியைக் கொடுப்பாங்க. சிவப்பு டிராகன் மத்தவங்க மேல விழுற அடியைத் தன் மேல வாங்கிக்கும், பச்சை டிராகன் தன்னோட உயிரைக் குறைச்சு இன்னொருத்தருக்குக் கொடுக்கும், வெண்கலம் காலத்தையே நிறுத்தும். கடைசி பாஸ் எரெகோஸ் வெறி பிடிக்கும்போது சரியான நேரத்துல காலத்தை நிறுத்தலன்னா குரூப் அவ்வளவுதான். அஞ்சு பேரும் ஒரே கலர் டிராகனை எடுத்தும் முடிக்கலாம், முடிச்சிருக்காங்க, ஆனா மூணையும் கலந்து எடுத்து ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தி முடிக்கிறதுல இருக்குற திருப்தி வேற. கண்ட்ரோல் கரடுமுரடா இருக்கு, ஒத்துக்குறேன், உயரம் கணிக்கிறது சிரமம், கேமரா சுத்திக்கிட்டே இருக்கும், இருந்தாலும் நான் இந்த டன்ஜன் பக்கம்தான்.

மாலிகோஸ் ரெய்டு ஐ ஆஃப் எடர்னிட்டி, 10 பேரா போகலாம், இல்லன்னா 25 பேரா போகலாம். அதோட சாவி நாக்ஸ்ராமஸ்ங்கிற இன்னொரு ரெய்டுல சாஃபிரான்கிட்ட இருந்து கிடைக்கும், சாஃபிரான் யாருன்னா ஒரு காலத்துல நீல டிராகன், ஆர்தஸ் கொன்னு எலும்பா எழுப்பி வச்சிருக்கான், மாலிகோஸ் கதவைத் திறக்க அவன் இனத்துப் பிணத்துக்கிட்ட போக வேண்டியிருக்கு. சண்டை மூணு கட்டம், கடைசியில மாலிகோஸ் நாம நிக்குற மேடையையே உடைச்சுடுவான், எல்லாரும் கீழ விழும்போது அக்கார்டோட சிவப்பு டிராகன்கள் வந்து ஏந்திக்கும். அந்த நொடிக்கு இன்னமும் மயிர்க்கூச்செறியும். அங்கயும் ஸ்கில் எல்லாம் டிராகனோடதுதான், அதனால கோல்டாராவுல கிடைக்குற ஏசஸ் ஹைங்கிற டெய்லி குவெஸ்ட்டை முன்கூட்டியே செஞ்சு விரலுக்குப் பழக்கிக்கோங்க, பழகாம வர்றவங்கதான் ரெய்டைக் கவுக்குறது. ஜெயிச்சதும் அலெக்ஸ்ட்ராஸா வந்து மாலிகோஸைச் சகோதரன்னு நினைச்சுத்தான் பேசுவா. வெற்றி முழக்கம் எதுவும் கிடையாது. உயிரைக் காக்குறதுதான் அவ வேலை, அவளே ஆள் அனுப்பிக் கொல்ல வச்சிருக்கா.

இதே டிராகன்பிளைட்லதான் ரேத்கேட் சம்பவமும், எப்பவும் எதிரெதிரா நிக்கிற ரெண்டு அணிங்க அலையன்ஸும் ஹோர்டும் ஒன்னா நின்னு ஆர்தஸ் வாசலை முட்டும்போது முதுகுல குத்து விழுந்து ரெண்டு படையும் விஷப்புகையில சாகுறது. கடைசியில வந்து அந்த நிலத்தை எரிச்சு சுத்தம் பண்றது சிவப்பு டிராகன்கள். மனுஷக் கூட்டணி உடைஞ்ச அதே மண்ணுல டிராகன் கூட்டணி தாங்கி நிக்குது, பக்கத்துல பக்கத்துல இதை வச்சது தற்செயலா இருக்க வாய்ப்பே இல்லன்னு நினைக்கிறேன்.

குறை இருக்கு. பச்சைக்கு ஆஸ்பெக்ட்டான இசெராவும் வெண்கலத்துக்கு ஆஸ்பெக்ட்டான நோஸ்டார்முவும் அந்தக் கோபுரத்துக்கு நேர்ல வரவே மாட்டாங்க, தூதர்தான். உலகமே பிளக்கப்போகுதுன்னா ஆஸ்பெக்ட் ஒருத்தி மட்டும் நிக்கிறது இடிக்குது. மாலிகோஸ் பக்க நியாயம் அதைவிடப் பெரிய குறை, அவன் சொல்றதுல ஓரளவு உண்மை இருக்கு, மந்திரத்தைக் கண்டபடி பயன்படுத்தித்தான் இந்த உலகத்துக்கு லீஜனே வந்தது, ஆனா அவன் வாயில இருந்து அதை அமைதியா ஒரு தடவைகூடக் கேக்க முடியாது, ரெய்டுல கத்துறதோட சரி. கேலெகோஸுக்கும் அவனுக்கும் நேருக்கு நேர் ஒரு காட்சி வச்சிருந்தா இந்தக் கதை எங்கயோ போயிருக்கும். மாலிகோஸ் செத்ததுக்கு அப்புறம் நீல டிராகன்கள் கதி என்ன, கூட்டணியில அவங்க நிலைமை என்னன்னும் இங்க பேச்சே இல்ல.

அக்கார்ட்கிட்ட நமக்குள்ள மதிப்பை (ரெப்யூடேஷன்) உச்ச நிலையான எக்ஸால்டட் வரைக்கும் ஏத்தினா சிவப்பு டிராகன் மவுண்ட் வாங்கலாம், விலை 2000 கோல்டு, தள்ளுபடி கழிச்சா இன்னும் கம்மி. அக்கார்ட் சின்னம் போட்ட மேலங்கியை (டேபர்ட்) போட்டுக்கிட்டு டன்ஜன் ஓடினாலே ஏறும், டெய்லியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இப்போ ஆடணும்னா தலைநகர்ல க்ரோமிகிட்ட பேசி நார்த்ரெண்ட் காலத்தைத் தேர்ந்தெடுத்தா போதும். பழைய ரெய்டை எல்லாம் இன்னிக்கு மேக்ஸ் லெவல் ஆள் தனியாவே முடிச்சிடலாம், சவால் இருக்காது, கதை இருக்கும். 2022ல வந்த டிராகன்ஃபிளைட் எக்ஸ்பான்ஷனை (டிராகன்பிளைட் ஏரியா வேற, இது வேற) ஆடப்போறவங்க அதுக்கு முன்னாடி இதை ஆடிடுங்க, அங்க அலெக்ஸ்ட்ராஸா எதிரிகிட்டயே சமாதானம் பேச ஏன் அவ்வளவு பாடுபடுறாங்குறது மாலிகோஸைப் பார்த்தவங்களுக்குத்தான் உறைக்கும். வரிசை மட்டும் மாத்தாதீங்க: முதல்ல கோல்டாரா குவெஸ்ட் எல்லாம், அப்புறம் நெக்ஸஸ், அதுக்கப்புறம் டிராகன்பிளைட். டன்ஜனுக்கு ஆள் சேர்க்குற டன்ஜன் ஃபைண்டர் நெக்ஸஸுக்கு முன்கூட்டியே கூப்பிட்டாலும் கெரிஸ்ட்ராஸா யாருன்னு தெரியுற வரைக்கும் போகாதீங்க.