டைப்ஸ்கிரிப்ட்: டைப்புக்கு ஓகே, ஆரோ ஃபங்ஷனை எக்ஸ்டெண்ட் பண்ணா தலைவலி

2012ல வந்த டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்ட்டோட டைப் சேர்த்த லாங்குவேஜ்), டைப் செக்கிங்குக்கு தாராளமா மார்க் போடலாம். ஆனா கிளாஸுக்குள்ள சேவ் மெத்தடை ஆரோ ஃபங்ஷனா (=> போட்டு எழுதற ஃபங்ஷன்) எழுதிட்டு அந்த கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணி, அதாவது அதுல இருந்து ஒரு சைல்டு கிளாஸ் எழுதிப் பாருங்க, பட்டன் கிளிக்ல திஸ் (this, அதாவது எந்த ஆப்ஜெக்ட்டுங்கற தகவல்) தொலையாதுங்கறது நிஜம்தான், ஆனா அந்த ஆரோ புரோட்டோடைப்ல (கிளாஸோட எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவான இடம்) போய் உக்காராம ஒவ்வொரு ஆப்ஜெக்ட்லயும் தனித்தனியா ஒட்டிக்குது, அதனால சைல்டுல பேரன்ட்டோட சேவை ஓட்ட சூப்பர்.சேவ்() கூப்பிட்டா கம்பைலர் விடாது, சைல்டுல சாதா மெத்தடா எழுதினா 2425ன்னு ஒரு எரர். சரி, சொல்லிட்டுதானே அடிக்குது, பரவால்ல.

கம்பைலர் வாயே திறக்காத கேஸ்தான் செம கடுப்பு. சைல்டுலயும் சேவ் மெத்தடை ஆரோவா எழுதி, பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர்லயே (ஆப்ஜெக்ட் உருவாகறப்போ ஓடுற கோடு) திஸ்.சேவ்() கூப்பிட்டா ஓடுறது பேரன்ட்டோட சேவ்தான், சைல்டோட ஆரோ அப்போ செட்டே ஆகிருக்காது! சாதா மெத்தடா எழுதிட்டு பட்டனுக்குக் குடுக்கற இடத்துல மட்டும் ஆரோ போட்டுக்கோங்க.