டெக்கீலாவுக்கு வேலிச் செவ்வரத்தையா, காய்ந்த ரோசெல்லா?

திருகோணமலையில் செவ்வரத்தை இல்லாத வளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பத்திரகாளி அம்மனுக்குப் போகிற பூவை டெக்கீலாவுக்குப் பறிக்கிறாயா என்று அம்மா முகம் சுளித்தாலும், டெக்கீலா மதுவில் கலக்கும் செவ்வரத்தைப் பாணிக்கு, சும்மா கிடைப்பதை விட்டுக் கடைக்குப் போவானேன் என்று நானும் வேலிப் பூவில்தான் தொடங்கினேன். இப்போது வீட்டில் பாணி காய்ச்சுவது கொழும்பில் வாங்கிய காய்ந்த ரோசெல்லில்; அதுவும் செவ்வரத்தை இனம்தான்.

விலையில் வேலிப் பூவை எதுவும் வெல்லாது. ஆனால் அது ஒரே நாளில் வாடிவிடும். பறித்த கையோடு காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழை மட்டும் எடுக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வெண்டிக்காய்போல வழுவழுக்கும். இரண்டும் ஒரே குடும்பம் அல்லவா! சாறும் மங்கிய ஊதாவாகத்தான் இறங்கும். தேசிக்காய்ப்புளி விழுந்த கணத்தில் அது பளீரென்று சிவப்பதை விருந்தாளிகளுக்குக் காட்டலாம், அவ்வளவுதான்.

என்னை மாற வைத்தது புளிப்பு. வேலிப் பூவுக்குச் சொந்தப் புளிப்பு இல்லையென்றே சொல்லலாம். தேசிக்காயை அள்ளிப் பிழிந்து கடைசியில் குடிப்பது சாயம் போட்ட மார்கரீட்டா, அதாவது டெக்கீலாவும் தேசிக்காய்ப்புளியும் கலந்த வழக்கமான பானம். ரோசெல்லில் நாம் எடுப்பது இதழே அல்ல. இதழ் உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடிக்கும் புல்லிவட்டம். சிட்ரிக், மாலிக் அமிலங்கள் அதிலேயே இருப்பதால் ஐஸ் உருகி நீர்த்த பிறகும் நாக்கில் புளிப்பு நிற்கிறது. டெக்கீலாவின் மிளகுக் காரத்துக்கும் ஈடுகொடுக்கிறது. மெக்சிக்கோவில் இதே புல்லியைக் காய்ச்சிக் குளிரவைத்து ‘ஹமைக்கா’ என்று வீட்டுக்கு வீடு குடிக்கிறார்கள். டெக்கீலாவும் அந்த ஊர்ச் சரக்கு என்பதால் பொருத்தம் ஆச்சரியமில்லை.

ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சீனி, கால் கப் ரோசெல், ஒரு துண்டு கறுவா. கொதித்ததும் அடுப்பை அணைத்து, கால் மணி நேரம் மூடிவைத்து வடித்துவிடுங்கள். அதற்குமேல் ஊறினால் துவர்க்கும். 45 மில்லிலீற்றர் டெக்கீலாவுக்கு 30 பாணி, 15 தேசிக்காய்ப்புளி போதும். வேலிப் பூவென்றால் புளியை இரட்டிக்க வேண்டும். மூடியுள்ள ஜாம் போத்தலில் ஐஸோடு போட்டுக் குலுக்கினால் சரி. கிளாஸ் விளிம்புக்கு இடித்த கல்லுப்பும் சிட்டிகை மிளகாய்த்தூளும்.

ரோசெல்லை டெக்கீலாப் போத்தலிலேயே ஊறவைப்பவர்களும் உண்டு. நான் சிறிதளவு மட்டுமே செய்து பார்த்திருப்பதால் என் தீர்ப்பைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நிறம் சில மணி நேரத்திலேயே ஏறியது, இரவு கடந்ததும் துவர்ப்பும் ஏறியது. இறக்குமதிச் சரக்கு விற்கும் விலையில் முழுப் போத்தலையும் பூவுக்குப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாணியென்றால் அந்தப் பயமில்லை. மதுக்கடை பூட்டிக் கிடக்கும் போயா தினத்தில் அதையே சோடாவில் ஊற்றினால் பிள்ளைகளுக்கும் ஆகிறது, அம்மாவும் முகம் சுளிக்காமல் ஒரு கிளாஸ் கேட்கிறார்.