சி.டி. ஆஞ்சியோவுக்கு 9,500 ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நேத்து சாயங்காலம் நாலாவது தடவையா அந்த ஸ்கேன் சென்டருக்குப் போன் பண்ணினேன். "மேனேஜர் லீவு சார்." அதான் இங்க எழுதறேன்.

அப்பாவுக்கு 68 வயசு, இருபது வருஷமா சுகர். மாடி ஏறினா நெஞ்சை அடைக்குதுன்னார். தெரு டாக்டர் இதய டாக்டர்கிட்ட போகச் சொன்னார். நான்தான் சி.டி. ஆஞ்சியோ (ஊசியில மருந்து ஏத்தி இதய ரத்தக் குழாயை ஸ்கேன்ல படம் எடுக்கறது) ஆஃபர் போர்டைப் பார்த்துட்டு நேரா சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, "டியூப் எல்லாம் விடமாட்டோம்ப்பா, ஒரே ஊசி, அடைப்பு இருந்தா நூத்துக்கு நூறு தெரிஞ்சிடும்"னுச்சு. அந்த ஒரு 'அப்பா'வுக்கு மயங்கி 9,500 ரூபாயை ஜிபேல தட்டிவிட்டேன்.

உள்ள மானிட்டர்ல துடிப்பு 92. அறுபது பக்கம் இறங்கினாத்தான் படம் தெளிவா வருமாம், அதுக்கு மாத்திரை குடுத்துக் காத்திருக்கணுமாம். இதெல்லாம் அப்புறம் தெரிஞ்சது. அன்னிக்கு "மூச்சைப் பிடிங்க", முடிஞ்சது. ஊசி மருந்தைக் கிட்னி தாங்குமான்னு பார்க்கற ரத்த டெஸ்ட், கிரியேட்டினின், பார்த்தீங்களான்னு ஒருத்தரும் கேட்கல.

ரிப்போர்ட்: முக்கியக் குழாய்ல 70 சதவீதத்துக்கு மேல அடைப்பு, கால்சியம் அதிகம், படம் கலங்கல், வழக்கமான ஆஞ்சியோ (அதாவது டியூப் விட்டுப் பார்க்கறது) செய்து உறுதிப்படுத்தவும். வேற ஆஞ்சியோ பண்ணுங்கன்னு சொல்றதுக்கு 9,500! அந்த வாரம் முழுக்க அப்பா நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டுத்தான் படுத்தார். வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லிக் குடுத்தார்.

இதய டாக்டர் அதே படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினார். குழாய்ச் சுவர்ல படிஞ்ச சுண்ணாம்பு வெள்ளையா பூத்து, இருக்கறதைவிடப் பெரிசா தெரியுது. அதனால அடைப்பும் பெரிசா தெரியும். "அடைப்பு இல்லைன்னு இந்த டெஸ்ட் சொன்னா பெரும்பாலும் நம்பலாம். இவ்வளவு கால்சியம் இருக்கறவங்களுக்கு இருக்குன்னு சொன்னா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது"ன்னார். மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணினாங்க. 40 சதவீதம். மாத்திரை போதும்.

சென்டர்ல கேட்டா, "ரிப்போர்ட்லயே எழுதியிருக்கோமே சார்." வாட்ஸப்ல நீல டிக் மட்டும். 9,500 போனது போனதுதான்.

போறவங்களுக்கு விவரமா சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. முதல்ல இதய டாக்டரைப் பாருங்க. வயசானவங்க, சுகர்காரங்க, சின்ன ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கற வலைக் குழாய்) வெச்சவங்கன்னா இந்த டெஸ்ட் நமக்குச் சரிவருமான்னு அவர்கிட்டயே கேளுங்க. துடிப்பைக் குறைக்காம படுக்க வெச்சா எழுந்து வந்துடுங்க. படத்தை டிஸ்க்ல கையோட வாங்கிக்கோங்க. எங்ககிட்ட அதுக்குத் தனியா 200 ரூபாய் வாங்கினாங்க.