ஆல்டர்னேட்டர் இரைச்சல்: மூன்று வருட ஆம்ப் அனுபவம்

காரில் ஒலியைப் பெருக்கும் நான்கு சேனல் ஆம்ப்பும், பேஸுக்கென்று எட்டு இன்ச் சப்-ஊஃபரும் போட்டு மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் குறையே இல்லை. ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வீணை தனியாக ஒலிக்கும் இடத்தில் அதைத் தாங்கவே முடியாது.

இப்படி எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் மூலம் ஆல்டர்னேட்டர்தான், அதாவது எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர். ஆனால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. டேஷ்போர்டில் இருக்கும் மியூசிக் செட்டின் எர்த்தும் (கார் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் இணைப்பு) ஆம்ப்பின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாததால், அந்த வித்தியாசம் செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் வழியாகப் பாட்டோடு கலந்துவிடுகிறது.

கடையில் இந்த எர்த் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றை ஆர்சிஏ கேபிளின் நடுவில் மாட்டிக் கொடுத்தார்கள். சத்தம் அடங்கியது, கூடவே தவிலின் அடியும் மெலிந்துபோனது. அதன் உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரால் ஆழமான பேஸைச் சரியாகக் கடத்த முடியவில்லை. நாலே நாளில் கழற்றிவிட்டேன்.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏவை உருவினேன், சத்தம் நின்றது. சார்ஜரில் இல்லாத போனை நேராக ஆம்ப்பில் சொருகினேன், பாட்டு சுத்தமாக வந்தது. ஆக, ஆம்ப்பும் ஸ்பீக்கர் வயரும் குற்றமற்றவை. மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து எர்த்தைப் பார்த்தபோது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. அதை நம்பக் கூடாது. கரண்ட் ஓடும்போதுதான் வண்டவாளம் தெரியும். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பார்த்தேன்: 0.58.

டிக்கியில் அந்த எர்த் ஸ்க்ரூவைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. வயர் நுனியில் நசுக்கி மாட்டும் வளையமான திம்பிளுக்கு அடியில் வட்டமாகப் பெயின்ட் அப்படியே இருந்தது, ஓரத்தில் பழுப்புத் துரு. இத்தனை நாளும் கரண்ட் ஸ்க்ரூவின் மரை வழியாகத்தான் போயிருக்கிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, கெட்டியான தகடாகப் பார்த்து வேறு இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், வெள்ளை உலோகம் தெரியும் வரை. துளை போடும் முன் கீழே பெட்ரோல் டேங்க், பைப் ஏதும் போகிறதா என்று கட்டாயம் குனிந்து பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே வேண்டாம், அது உயிர் காக்கிற போல்ட். செம்புத் திம்பிளை நன்றாக நசுக்கி, ஸ்டார் வாஷர் வைத்து, போல்ட் நட்டில் இறுக்கி, மேலே பெயின்ட் பூசினேன். இப்போது 0.06 வோல்ட். வீணைக்குப் பின்னால் நிசப்தம்.

ஆர்சிஏவைப் பவர் கேபிளிலிருந்து பிரித்து எதிர்ப்பக்கமாக இழுத்ததில் என் வண்டியில் வித்தியாசம் தெரியவில்லை. நடுவில் ஒருமுறை 'கிர்' என்று வந்த சத்தம் மொபைல் சார்ஜருடையது. வேறு சார்ஜர் மாற்றியதும் போய்விட்டது.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதே அளவை எடுக்கிறேன். போன மாதம் 0.07.