விண்டோஸ் ஃபயர்வாலா, சிம்பிள்வாலா?

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. எந்த புரோகிராம் அதைக் குடிக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

ஃபயர்வால் என்பது நெட் வழியே வருவதையும் போவதையும் பார்த்துத் தடுக்கும் காவல்காரன். விண்டோஸ் ஃபயர்வால் விண்டோஸ் கூடவே வருகிறது. ஆனால் வெளியிலிருந்து கேட்காமல் நுழைவதைத்தான் அது தானாகத் தடுக்கும். உள்ளிருந்து வெளியே போவதை, நாம் சொல்லாதவரை, விட்டுவிடும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் அவுட்பவுண்ட் ரூல் (வெளியே போவதற்கான விதி) ஒவ்வொன்றாகப் போடவேண்டும். இரண்டு மூன்று புரோகிராமுக்குச் சரி.

டேட்டாவை அளந்து செலவழிக்கிற வீட்டுக்கு என் ஓட்டு, தனியாகப் போட்டுக்கொள்ளும் சிம்பிள்வால் (simplewall) என்ற புரோகிராமுக்கே. அதுவும் இலவசம், வழிதான் தலைகீழ்: எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, புதிதாக ஒன்று வெளியே கிளம்பினால் 'விடவா?' என்று கேட்கும். முதல் நாள் பதில் சொல்லியே அலுத்துப்போகும்; பிரௌசருக்கே அனுமதி கொடுக்கவேண்டும். அப்புறம்தான் கண்டேன்: படம் திருத்தும் புரோகிராம் ஒன்று, திறக்கும்போதெல்லாம் வெளியே ஓடப் பார்த்தது.